ஸ்ட்ரோம்போலியில் வண்டி உண்டா, இல்லையா?

கரிசல்மணி:
வளர்மதி அம்மையார் இங்கே கேட்டது எளிய கேள்வி. கூட்டமும் கூச்சலும் இல்லாத, இன்னும் கெட்டுப்போகாத எரிமலைத் தீவு ஒன்றில் கணவரோடு ஒரு வாரம் நிம்மதியாகத் தங்க வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்டார். அதற்குப் பயணப்பித்தன் தந்த பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ‘இத்தாலியின் ஸ்ட்ரோம்போலிக்குப் போங்கள், அங்கே வாகனம் என்பதே கிடையாது’ என்கிறார். கிடையாதாம்! படகிலிருந்து இறங்கியதும் உங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சந்துக்குள் நுழைவது என்ன, பல்லக்கா? மூன்று சக்கர ஆப்பே, ஐயா. நம் ஊரில் பத்துப் பேரை அடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவாக ஓடுகிறதே, அதே பியாஜியோ குடும்பத்து ஆப்பே. அந்தத் தீவே அதை நம்பித்தான் நடக்கிறது. எதையோ மேலோட்டமாகப் படித்துவிட்டு ஊருக்கு வழி சொல்லக் கிளம்பிவிடுகிறார்கள்.

பயணப்பித்தன்:
மணி ஐயா, காலை வணக்கம். கார் இல்லை என்ற பொருளில் எழுதினேன். வெளியூர்க்காரர்கள் அங்கே கார் கொண்டு இறங்க அனுமதி இல்லை. கொண்டுபோனாலும் அந்தச் சந்துகளில் நுழையாது. தெருவிளக்குக்கூட இல்லாத ஊர் அது. இரவில் கைவிளக்கோடுதான் நடக்க வேண்டும், நிமிர்ந்தால் நட்சத்திரம். 924 மீட்டர் உயர மலை, இரண்டாயிரம் ஆண்டுகளாக ஏறத்தாழ ஓய்வின்றி நெருப்பைத் துப்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் கால மாலுமிகள் அதைக் கலங்கரை விளக்கமாகவே கொண்டார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு ஆப்பேயைப் பிடித்துத் தொங்குவது உங்களால் மட்டுமே முடியும்.

கரிசல்மணி:
நீங்கள் எழுதியது ‘கார்’ அல்ல, ‘வாகனம்’. மேலே அப்படியே இருக்கிறது, நான் அழிக்கவில்லை. ஆப்பே வாகனமா, இல்லையா? ஒரு சொல்லில் பதில் வேண்டும். நட்சத்திரக் கதை வேண்டாம்.

பாறைப்பிரியன்:
ஆப்பே இருக்கட்டும். ‘அமைதி’ என்று இருவரும் எப்படிச் சொல்கிறீர்கள்? 2002 டிசம்பர் 30 அன்று ஷாரா தெல் ஃபுவோகோ என்ற சரிவு கடலுக்குள் இடிந்து விழுந்து பேரலை கிளம்பிக் கரையோர வீடுகளை அடித்தது. 2019 ஜூலை 3 அன்று வெடித்த வெடிப்பில் மலையேறிய ஒருவர் இறந்தார். அடுத்த மாதமே மறுபடியும் பெரிய வெடிப்பு. முன்பெல்லாம் வழிகாட்டியோடு உச்சிவரை போகலாம். அதற்குப் பிறகு வந்த விதிப்படி தனியாக 290 மீட்டர், வழிகாட்டியோடு 400 மீட்டர். எச்சரிக்கை நிலை கூடினால் அதையும் மூடிவிடுவார்கள். எரிமலையைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால், கிளம்பும் முன் இத்தாலியக் குடிமக்கள் பாதுகாப்புத் துறையின் அறிவிப்பைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

கரிசல்மணி:
தம்பி, நிலவியல் பாடத்துக்கு நன்றி. அந்த 290 மீட்டருக்குக் கீழே, ஊருக்குள், ஓடுவது என்ன? ஆப்பே. நான் கேட்டது அது.

பலெர்மோவாசி:
அண்ணைமாருக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது சிசிலியில் பலெர்மோவில் இருக்கிறேன். இந்தத் தீவுகள் எங்களுக்கு அடுத்த வீடு போல. ஸ்ட்ரோம்போலியும் சேர்ந்த இந்த ஏயோலியத் தீவுகளில் மக்கள் வாழ்பவை ஏழு. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவற்றை உலக மரபிடமாக அறிவித்தது. அமைதிதான் வேண்டும் என்றால் ஸ்ட்ரோம்போலியும் வேண்டாம், பனாரியாவும் வேண்டாம். ஆகஸ்டில் பனாரியாவின் கடலில் தண்ணீரைவிட உல்லாசப் படகுகள்தான் அதிகம். மேற்குக் கோடியில் அலிக்குடி இருக்கிறது. சுமார் நூறு பேர் வாழும் தீவு. சாலையே இல்லை. கல்படிகள்தான், சாமான் சுமப்பது கோவேறு கழுதை. 2024இல் அங்கே காட்டாடுகள் மனிதர்களைவிடப் பல மடங்கு பெருகிவிட்டன என்று, அந்தத் தீவும் சேர்ந்த லிபாரி நகராட்சியின் மேயர் ‘வேண்டியவர்கள் பிடித்துக்கொண்டு போகலாம்’ என்று அறிவித்தார். அதைவிட அமைதியான இடம் எனக்குத் தெரியாது.

கரிசல்மணி:
பலெர்மோ நண்பரே, அலிக்குடியின் துறையடியில் கொஞ்சமாவது சமதரை இருக்கும் அல்லவா? அங்கே ஓர் ஆப்பேகூட நிற்கவில்லை என்று எழுதித் தருவீர்களா?

பலெர்மோவாசி:
அண்ணை, நான் ஏன் எழுதித் தர வேண்டும்? அந்த அம்மா தங்குவதற்கு இடம் கேட்டார், பத்திரம் கேட்கவில்லை.

வளர்மதி:
எல்லோருக்கும் நன்றி. அலிக்குடி கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் என் கணவருக்கு முழங்கால் வலி, படிகள் சரிப்படா. மேலும் நாங்கள் சைவம். மே மாதம் போவதா, செப்டம்பரிலா என்பதும் இன்னும் தெரியவில்லை.

கரிசல்மணி:
பார்த்தீர்களா! முழங்கால் வலி! இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் வலிக்காரருக்கு எது வேண்டும்? ஆப்பே வேண்டும். ஸ்ட்ரோம்போலியில் ஆப்பே இருக்கிறது என்ற உண்மையைப் பயணப்பித்தன் மறைத்துவிட்டார். அவர் பேச்சை நம்பியிருந்தால் இவர்கள் ஸ்ட்ரோம்போலிக்கே போகாமல் இருந்திருப்பார்கள்.

பயணப்பித்தன்:
ஐயா, அவர்களை ஸ்ட்ரோம்போலிக்குப் போகச் சொன்னதே நான்தான்!

கரிசல்மணி:
தவறான காரணத்துக்காகச் சொன்னீர்கள்.

தஞ்சை மீனாட்சி:
வளர்மதி, சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே அம்மா. சின்ன ரைஸ் குக்கரும் இரண்டு கிலோ பொன்னி அரிசியும் எடுத்துப் போ. நான் எந்த நாட்டுக்குப் போனாலும் அப்படித்தான். ஊறுகாய் பாட்டிலை மட்டும் நன்றாக மூடிக்கொள்.

பாறைப்பிரியன்:
மீனாட்சி அம்மா, ஸ்ட்ரோம்போலியில் ஊற்றும் இல்லை, ஆறும் இல்லை. குடிதண்ணீரே கப்பலில் வருகிறது. அங்கே போய் மூன்று முறை அரிசி களைவீர்களா? கத்தரிக்காய், தக்காளி, ஆலிவ், சலீனாத் தீவின் உப்பிட்ட கேப்பர் மொட்டு என்று சைவமாகவே வயிறாரச் சாப்பிடலாம். ஏழு கடல் தாண்டிப் போய்த் தயிர்சாதமா?

தஞ்சை மீனாட்சி:
உனக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. நாற்பது வயதுக்கு மேல் மூன்றாம் நாள் தயிர்சாதம் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று அப்போது வந்து எழுது. அரிசியை ஒரு முறை களைந்தாலும் வேகும்.

பலெர்மோவாசி:
அம்மா, மாதத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இரண்டுமே நல்லவை. செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும், மே மாதத்தில் மலை பச்சையாக இருக்கும். ஆகஸ்டைத் தவிருங்கள். தீவுகளில் விமான நிலையம் இல்லை. சிசிலியின் கத்தானியாவில் இறங்கி, சாலைவழியாக மிலாட்சோ துறைமுகம் வந்து விரைவுப் படகு பிடிக்க வேண்டும். காற்று அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், குளிர்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே தீவைவிட்டு வந்துவிடுங்கள். முழங்காலுக்கு ஏற்றது சலீனா. இரட்டை எரிமலைகள், இந்தத் தீவுகளிலேயே மிக உயர்ந்த சிகரம் அங்கேதான், 962 மீட்டர். அதே சமயம் திராட்சையும் கேப்பரும் விளையும் பசுமையான இடம். கூட்டம் குறைவு. ஊருக்கு ஊர் பஸ் ஓடுகிறது.

கரிசல்மணி:
பஸ்! அமைதியான, கெடாத தீவு கேட்டவருக்குப் பஸ் ஓடும் தீவா? அடுத்து சுரங்க ரயில் விடுவீர்களா?

பயணப்பித்தன்:
சற்று முன்புதான் முழங்காலுக்கு ஆப்பே வேண்டும் என்று முழங்கினீர்கள். ஆப்பே போனால் தீவு கெடாது, பஸ் போனால் கெட்டுவிடுமா?

கரிசல்மணி:
ஆப்பே இருக்கிறது என்றேன். கெடுக்குமா, கெடுக்காதா என்று நான் எங்கேயும் பேசவில்லை. நீங்கள் இல்லை என்றீர்கள். இருப்பதை இருக்கிறது என்றேன். இதில் என்ன முரண்?

பாறைப்பிரியன்:
கெட்டது ஆப்பேயாலும் இல்லை, பஸ்ஸாலும் இல்லை. 2022 மே மாதம் ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பின்போது மூட்டப்பட்ட தீ கைமீறிப்போய் ஸ்ட்ரோம்போலியின் மலைச்சரிவை எரித்தது. பிடித்து நிறுத்தச் செடி கொடி இல்லாமல் ஆகஸ்டில் பெய்த ஒரே மழையில் சேறும் கல்லும் ஊருக்குள் இறங்கி வீடுகளில் புகுந்தன. எரிமலை செய்யாததை மனிதன் செய்தான். இதைப் பற்றி யாராவது பேசலாம்.

கரிசல்மணி:
பேசலாம். அந்தச் சேற்றை அள்ளிக்கொண்டு போக எந்த வண்டி உதவியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பேசலாம்.

பாறைப்பிரியன்:
இவரோடு பேசுவதற்குப் பதிலாக அந்த எரிமலைவாயில் போய் நின்றுகொள்ளலாம்.

பயணப்பித்தன்:
தம்பி, இவரை உனக்கு இப்போதுதான் தெரியும். போன ஆண்டு கொல்லிமலைப் பாதையில் 72 கொண்டை ஊசி வளைவுகள் என்று ஒரு மாதம் சாதித்தவர் இவர். எழுபது என்று ஊரே சொல்லியும் அசையவில்லை. கடைசியில் நெடுஞ்சாலைத் துறைக்கு எண்ணத் தெரியாது என்றார்.

கரிசல்மணி:
அந்தப் பழைய கணக்கை இங்கே இழுத்தது நீங்கள். அடிவாரத்தில் திரும்பும் இரண்டையும் சேர்த்து எண்ணினால் 72தான். விவாதத்தில் தோற்றவர்கள் எப்போதும் கொல்லிமலைக்குத்தான் ஓடுகிறார்கள். இங்கே கேள்வி ஸ்ட்ரோம்போலி. ஆப்பே வாகனமா, இல்லையா? இன்னும் பதில் வரவில்லை என்பதை எல்லோரும் கவனிக்கவும்.

பலெர்மோவாசி:
அண்ணை, ஸ்ட்ரோம்போலியிலேயே மறுபக்கத்தில் ஜினோஸ்ட்ரா என்ற குக்கிராமம் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஊரிலிருந்து அதற்குச் சாலை இல்லை, கடல்வழிதான். மின்சாரமே இந்த நூற்றாண்டில்தான் வந்தது. அங்கே ஆப்பேக்கு வேலை இல்லை. ஆகவே பயணப்பித்தன் சொன்னது அந்தப் பாதித் தீவுக்குப் பொருந்தும், நீங்கள் சொல்வது இந்தப் பாதிக்கு. இத்தோடு விடலாமே?

பயணப்பித்தன்:
நான் மனத்தில் வைத்திருந்தது ஜினோஸ்ட்ராவைத்தான்.

கரிசல்மணி:
இப்போது ஜினோஸ்ட்ராவா! காலையில் அந்தப் பெயர் உங்கள் வாயில் வந்ததா? பலெர்மோ நண்பர் எடுத்துக் கொடுத்த பிறகு மனத்தில் இருந்ததாம். பாதித் தீவு பேரமெல்லாம் என்னிடம் செல்லாது. தீவு என்றால் முழுத் தீவு.

தஞ்சை மீனாட்சி:
மணி, ஆப்பேயைப் பற்றி இத்தனை பேசுகிறாயே, நீ அதை ஓட்டியதுண்டா?

கரிசல்மணி:
ஓட்டியதுண்டாவா? அந்த 72 வளைவுகளையும் ஆப்பேயிலேயே ஏறி இறங்கியவன் நான்.

பயணப்பித்தன்:
70.

தஞ்சை மீனாட்சி:
அதை விடு. சரக்கோடு ஏறினாயா, வெறும் வண்டியோடா? சரக்கு என்றால் எத்தனை கிலோ?