9 வயசுப் பிள்ளைக்கு எந்தக் கேம், எந்தப் படம்?

களுவாஞ்சிக்குடி: மகன் தரம் 4. போனில துப்பாக்கிக் கேம் கேக்கிறான், இந்தியப் படமும் பாக்கிறான். எதை விடலாம்?

கல்முனை: அக்கா, பிளே ஸ்டோரில கேமின்ட பேருக்குக் கீழ 3+, 7+, 12+ என்டு வயசு இருக்கும். பூட்டுறதுக்கு, புரொஃபைல் படத்தை அமத்தி செட்டிங்ஸ், ஃபமிலி, பேரன்டல் கொன்ட்ரோல்ஸ் போங்க. பின் நம்பர் போட்டு 7+ வைங்க. பிறந்த வருசத்தைப் பின் நம்பராப் போடாதீங்க. பொடியன் முதல்ல அதைத்தான் அடிச்சுப் பார்ப்பான்.

காத்தான்குடி: அது மட்டும் காணாது. கூட்டாளிமார் அனுப்புற ஏபிகே ஃபைலை (பிளே ஸ்டோர் இல்லாம நேரா கேம் ஏத்துற ஃபைல்) அந்தப் பூட்டு தடுக்காது. போன் செட்டிங்ஸில 'இன்ஸ்டோல் அன்னோன் அப்ஸ்' தேடி, வட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் எல்லாத்துக்கும் நிப்பாட்டுங்க. இன்னொன்டு, வயசு எண் கேமில வாற காட்சிக்குத்தான். ஒன்லைனில முன்பின் தெரியாத ஆக்கள் கதைக்கிறது அதில அடங்காது. கேமுக்கு மைக் அனுமதியை எடுங்க.

களுவாஞ்சிக்குடி: மைக்கை எடுத்தா கேம் ஓடுமா?

காத்தான்குடி: பெரும்பாலும் ஓடும். ஆனா மற்றவங்க கதைக்கிறது கேக்கும், எழுதி அனுப்புற சட்டும் (chat) வரும். ரெண்டையும் கேமுக்குள்ள போய்த்தான் நிப்பாட்டணும்.

அக்கரைப்பற்று: படத்துக்கு இந்தியத் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்க. யு என்டா எல்லாரும் பாக்கலாம், யுஏ என்டா சின்னப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வழிகாட்டல் வேணும். 2024இல இருந்து யுஏ மூன்டாப் பிரிஞ்சிருக்கு: 7+, 13+, 16+. யு, யுஏ 7+ விடலாம். பழைய படத்தில வெறும் யுஏதான் இருக்கும். வெட்டுக்குத்துப் படமும் அதுக்குள்ள வரும். நீங்க முதல்ல பாருங்க.