பள்ளத்துத் தோட்டம் குடும்பம்: சின்ன வண்டி ஒழுகுகிறது

(நித்யாவின் கைபேசியிலிருந்து. புரட்டாசி, சனிக்கிழமை)

பெரியப்பா, காலை 6:02
(பெருமாள் படம்) புரட்டாசி இரண்டாம் சனி. அனைவருக்கும் காலை வணக்கம் 🙏

அத்தை, 6:10
🙏🙏 கோவிந்தா

அப்பா, 6:31
அண்ணா, மச்சான், சின்ன வண்டி, நம் குட்டி டிராக்டர், மறுபடியும் ஒழுகுகிறது. நேற்று ராத்திரி இரண்டு உழவு மழை. மேட்டுக்காட்டில் பதம் திங்கள் வரைதான் தாங்கும். கொள்ளு விதை வாங்கி வைத்தாயிற்று. இன்று பார்த்து வண்டிக்கு அடியில் தோசைக்கல் அகலத்துக்கு எண்ணெய்.

கார்த்தி அண்ணன், 6:40
மறுபடியுமா

மாமா, 6:41
என்ன நிறம்?

அப்பா, 6:43
எண்ணெய் நிறம்தான்.

மாமா, 6:55
அப்படிச் சொன்னால் எப்படி மாப்பிள்ளை. அந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். இன்ஜினுக்குத் தனி எண்ணெய். கறுப்பாக, தீய்ந்த வாடை அடித்தால் இன்ஜின். பழுப்பாக இருந்தால் பின்பக்கத்துச் சமாச்சாரம். விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். அப்புறம் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து அடியில் விரித்து, முன்சக்கரம் எந்தப் பக்கம் என்று பேனாவால் குறியுங்கள். அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள். சொட்டு விழும் இடம் தெரியாமல் ஒரு போல்ட்டையும் கழற்றக் கூடாது. டிப்போவில் இருந்த 31 வருஷமும் இதைத்தான் சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை.

பெரியப்பா, 6:58
மாப்பிள்ளை, கொஞ்சம் சுருக்கமாக.

நித்யா, 7:40
(படம்) கறுப்பு. நடுவில் விழுகிறது, பெடல் இருக்கிற இடத்துக்கு நேர் கீழே.

அப்பா, 7:42
இன்ஜின் எண்ணெய் அளவு பார்க்கும் ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. போன வெள்ளிதான் அரை லிட்டர் ஊற்றினேன்.

மாமா, 7:44
கிளட்ச் ஹவுசிங், அதாவது கிளட்ச் இருக்கிற கூடு, அதன் அடியில் சின்ன ஓட்டை, அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். அதில் வருகிறதா, அக்கம் பக்கத்தில் வருகிறதா?

அப்பா, 7:46
பின் இல்லை.

மாமா, 7:46
எங்கே போயிற்று?

அப்பா, 7:51
போன மாதமே அந்த ஓட்டையில் ஒழுகியது. துணி சுற்றி வேப்பங்குச்சி அடித்து அடைத்தேன். நின்றுவிட்டது.

கார்த்தி அண்ணன், 7:52
சித்தப்பா 😂😂

மாமா, 8:03
அது ஒழுகுவதற்கென்றே வைத்த ஓட்டை மாப்பிள்ளை! எண்ணெயைத் தடுக்கிற வளையம்தான் சீல். கிராங்க்கின் பின்பக்கச் சீல் போனாலும், கியர் பாக்ஸ் முன் சீல் போனாலும் எண்ணெய் அங்கே வந்து சொட்டித்தான் நமக்குத் தெரிய வேண்டும். அடைத்தால் உள்ளே தேங்கும், கிளட்ச் பிளேட் நனையும். போன வாரம் ரொட்டவேட்டர் போட்டால் இழுவை இல்லை என்றீர்களே, ஏன் என்று இப்போது தெரிகிறதா? முதலில் குச்சியைப் பிடுங்குங்கள். முகத்தை அடியில் வைக்காமல் பிடுங்குங்கள்.

நித்யா, 8:15
பிடுங்கியாயிற்று. அரை டம்ளர் கொட்டியது. முகம் தப்பித்தது, சட்டை போச்சு. அம்மா திட்டிக்கொண்டு இருக்கிறாள்.

அத்தை, 8:16
எந்தச் சட்டை? போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்ததா?

நித்யா, 8:16
ம்

பெரியப்பா, 8:20
சீல் என்ன விலை ஆகும்?

மாமா, 8:23
சீல் விலை பெரிதில்லை மச்சான். அதை மாற்ற இன்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி என்று வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூலிதான் செலவு. பட்டறையில் ஆள் இருந்தாலே இரண்டு நாள்.

கார்த்தி அண்ணன், 8:25
விற்றுவிடலாம். மூன்று வருஷமாகச் சொல்கிறேன்.

அப்பா, 8:27
பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு விற்கச் சொல்லலாம். தென்னை வரிசைக்குள் பெரிய வண்டி திரும்பாது கண்ணு. வாடகை வண்டிக்காரன் மணிக்கு 1200 கேட்கிறான், அதுவும் புதன்கிழமைதான் வருவானாம்.

கார்த்தி அண்ணன், 8:28
உழவன் செயலியில் பதிவு செய்து பாருங்களேன்

அப்பா, 8:29
மழை பெய்த மறுநாள் ஊரே பதிவு செய்திருக்கும்.

பெரியப்பா, 8:33
விற்பதானாலும் ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது?

அப்பா, 8:34
அப்பா பேரில்தான்.

அத்தை, 8:35
அப்பா போய் 9 வருஷம் ஆகிறது

கார்த்தி அண்ணன், 8:37
பேர் மாற்றப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் கையெழுத்து. நான் அப்போதே சொன்னேன்.

பெரியப்பா, 8:40
பாகம் பிரித்தபோது வண்டியை யாரும் எழுதவில்லை.

அத்தை, 8:41
வண்டியை மட்டுமா எழுதவில்லை. கிணற்று மேட்டில் எனக்கு என்று சொன்னதையும்தான் எழுதவில்லை. சரி விடுங்கள், நான் கோயிலுக்குக் கிளம்புகிறேன்.

பெரியப்பா, 8:49
அதை இங்கே பேச வேண்டாம் சரசு.

மாமா, 8:58
வண்டிக்கு வருவோம். பிரிப்பதற்கு முன் இரண்டு காரியம். ஒன்று, இன்ஜின் முழுவதையும் டீசல் விட்டுக் கழுவித் துணியால் துடையுங்கள். ஈரம் காய்ந்ததும் டேப்பட் கவர் (இன்ஜின் மேல்மூடி) ஓரம், சேம்பர் (அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) ஓரம், ஹவுசிங் சேரும் இடம் எல்லாவற்றிலும் முகப் பவுடரைத் தூவி, 15 நிமிஷம் ஓடவிடுங்கள். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அதுதான் பிறப்பிடம். எண்ணெய் கீழேதான் இறங்கும், ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் எப்போதும் மேலேயும் முன்னாலேயும் தேடுங்கள். இரண்டு, இன்ஜின் மூச்சுவிடும் பிரீத்தர் குழாய் அடைத்திருக்கிறதா என்று கழற்றி ஊதிப் பாருங்கள்.

அப்பா, 9:05
பவுடர் இல்லை. விபூதி போடலாமா?

அத்தை, 9:06
முருகேசு!!

நித்யா, 9:07
என் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நித்யா, 10:48
(படம்) (படம்) டேப்பட் கவர் பின்மூலையில் பவுடர் முதலில் கறுத்தது. அங்கிருந்து கண்மை வழிந்த மாதிரி ஒரு கோடு, இன்ஜின் முதுகு வழியாகவே ஹவுசிங் இடுக்குக்கு இறங்குகிறது.

நித்யா, 10:50
பிரீத்தர் குழாயைப் பழனி அண்ணன் கழற்றினார். காற்றே போகவில்லை. கம்பி விட்டுக் குத்தினால் மண் கட்டி கட்டியாக வருகிறது. உள்ளே பச்சைப் புழுகூட இருந்தது. குளவி.

அத்தை, 10:52
குளவிக் கூடா? உருண்டையா நீளமா? யார் வீட்டில் விசேஷம்?

திவ்யா அண்ணி, 10:53
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி அண்ணன், 10:58
அத்தை, குளவி வண்டியில் கட்டியிருக்கிறது. வண்டிக்கு வளைகாப்பு வையுங்கள்.

அத்தை, 10:59
பொதுவாகத்தான் கேட்டேன். ஒன்று கேட்க முடியவில்லை இந்தக் குடும்பத்தில்.

பெரியப்பா, 11:00
கார்த்தி, பேச்சைக் குறை.

மாமா, 11:09
அருமை! குளவிதான் குற்றவாளி. பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும் சேம்பருக்குள் இறங்கும், பழைய இன்ஜினில் இன்னும் கூடுதல். அது வெளியே போகத்தான் பிரீத்தர். வழியை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, இடுக்கை அடைக்கிற பேக்கிங், சீல் எது இளைத்திருக்கிறதோ அது வழியாக எண்ணெயைத் தள்ளும். இந்த நிலையில் புது சீல் போட்டிருந்தாலும் சீக்கிரமே ஒழுகியிருக்கும். குழாயைச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். டேப்பட் கவருக்குப் புதுப் பேக்கிங் போடுங்கள். குழாய் வாயில் சல்லடைத் துணி கட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள், பிசுக்கு ஏறி அதுவும் அடைக்கும். மாதம் ஒரு தரம் பார்த்தால் போதும்.

அப்பா, 1:20
பொள்ளாச்சியில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். இந்த மாடலுக்குப் பேக்கிங் இல்லையாம். கார்க் ஷீட் வாங்கி வந்தேன்.

பெரியப்பா, 1:26
அப்பா கார்த்தி காதுகுத்துப் பத்திரிகையை வெட்டிப் போட்டார், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் போகம் முழுவதும் ஓடியது.

கார்த்தி அண்ணன், 1:27
என் பேர் இன்னும் டேப்பட் மேலே இருக்குமோ

அத்தை, 1:31
அதில் என் பேரையே போடவில்லை அச்சாபீஸில்

மாமா, 1:36
கார்க் நல்லது. கவரை ஷீட் மேல் கவிழ்த்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்து வெட்டுங்கள். நட்டை முரட்டுத்தனமாக இறுக்கினால் கார்க் பிதுங்கி வெடிக்கும். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக.

ஆத்தா, 2:15
(குரல் செய்தி 0:47)

கார்த்தி அண்ணன், 2:21
ஆத்தா என்ன சொல்கிறது? பின்னால் கோழிச் சத்தம்தான் கேட்கிறது

நித்யா, 2:22
வண்டியை விற்றால் சோறு தின்னமாட்டாளாம். அப்புறம், பெரியப்பா வரும்போது வெற்றிலை வாங்கி வர வேண்டுமாம்.

நித்யா, 4:30
(காணொளி) டேப்பட் மூலை காய்ந்து கிடக்கிறது 🎉 ஓட்டையில் மட்டும் இன்னும் சொட்டுகிறது. ரேடியோவில் ஒரு பாட்டு முடிவதற்குள் மூன்று சொட்டு.

மாமா, 4:38
அப்படியென்றால் கிராங்க்கின் பின்பக்கச் சீலும் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது. ஹவுசிங்கில் தேங்கிய பழைய எண்ணெய் வடிவதாகவும் இருக்கலாம். நாளைக்கு அந்தச் சொட்டு குறைந்தால் தேங்கியது, குறையாவிட்டால் சீல். உழவுக்கு அது தடை இல்லை. ஆழம் குறைத்துப் போடுங்கள், ஒரு மணிக்கு ஒரு தரம் வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டு ஸ்டிக் பாருங்கள். கிளட்ச் வழுக்கினால் உடனே நிறுத்துங்கள். பிரிப்பதை விதைப்பு முடிந்து வைத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா, 4:50
பிரித்தால் செலவு யாருடையது?

அப்பா, 5:05
வண்டி பொது என்றால் செலவும் பொதுதான் அண்ணா.

கார்த்தி அண்ணன், 5:06
விற்றால் பணமும் பொதுவா

அத்தை, 5:07
மூன்று பங்கு

பெரியப்பா, 5:31
நாளை வருகிறேன். நேரில் பேசிக்கொள்ளலாம்.

அப்பா, 5:33
உழவு முடித்துவிட்டுத்தான் பேச்சு. மச்சான், அந்த ஸ்பிளிட் பின் என்ன சைஸ்?

மாமா, 5:35
கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஓட்டையில் தளர்வாக ஆட வேண்டும், அவ்வளவுதான். அது ஆடினால்தான் சேறு அடைக்காது.

நித்யா, 5:52
என் கொண்டை ஊசியை மாட்டிவிட்டார். ஆடுகிறது.