சிறு கல்லூரியில் மாணவர் கற்றல் மதிப்பீட்டை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: டெல்டா ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற, தன்னாட்சி இல்லாத ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பணிபுரிகிறேன். எங்களிடம் ஆறு இளநிலைப் பட்டப்படிப்புகளும் துறைக்கு மூன்று அல்லது நான்கு ஆசிரியர்களும் உண்டு. கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்திருக்கிறது.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் கையேட்டில், இரண்டாம் அளவுகோலில் கற்றல் விளைவுகள் பற்றி வரும் 2.6ஆம் பகுதிக்காக, பாடத்துக்கு ஐந்து சி.ஓ. (அந்தப் பாடத்தின் கற்றல் விளைவு) வீதம் எழுதி, ஒவ்வொன்றையும் பி.ஓ.க்களோடு (முழுப் பட்டப்படிப்பின் விளைவுகள்) தொடர்பின் வலிமைக்கேற்ப 3, 2, 1 என்று மேப்பிங் செய்து, மாணவர்கள் அவற்றை எட்டிய அளவான அடைவைக் கணக்கிடும் எக்செல் கோப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பட்டப்படிப்பில் முப்பதுக்கு மேற்பட்ட பாடங்கள் இருப்பதால் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட விளைவுகளுக்கு எண்கள் நிரப்பப்படுகின்றன. ஆனால் அந்த எண்களைப் பார்த்து எந்தத் துறையும் எதையும் மாற்றியதாகத் தெரியவில்லை. ஆசிரியர்கள் இதை எழுத்தர் வேலையாகவே கருதுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. பல்கலைக்கழகம் நடத்தும் புறத்தேர்வின் 75 மதிப்பெண்ணில் மாணவர் பெற்ற மொத்தம் மட்டுமே எங்களுக்கு வருகிறது, வினாவாரியான மதிப்பெண் வருவதில்லை என்பது மற்றொரு சிக்கல். உண்மையிலேயே மாணவர்கள் என்ன கற்றார்கள் என்பதைக் காட்டும் ஓர் ஏற்பாட்டை எங்கிருந்து தொடங்கலாம்? இதற்கெனத் தனித் தேர்வு வைக்க வேண்டுமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தேர்வு நெறியாளர்

தனித் தேர்வு வேண்டாம். மதிப்பெண் கிடைக்காத தேர்வை மாணவர்கள் பொருட்படுத்தி எழுத மாட்டார்கள். அப்படி எழுதிய விடைகளிலிருந்து எடுக்கும் முடிவும் நம்பத் தகுந்ததாக இராது.

முதலில் ஒவ்வொரு துறையையும் ஓராண்டுக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வி ஆசிரியர்களுக்கு உண்மையாகவே விடை தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். இயற்பியல் துறை என்றால், இறுதியாண்டு மாணவர் தாம் ஆய்வகத்தில் எடுத்த அளவீடுகளுக்கு வரைபடம் வரைந்து, அதன் சாய்வின் பொருளையும் பிழையின் அளவையும் தாமே விளக்குகிறாரா, அல்லது ரெக்கார்டு நோட்டில் முந்தைய ஆண்டு மாணவரின் எண்களை எடுத்தெழுதுகிறாரா என்று கேட்கலாம். வணிகவியல் துறை என்றால், இருப்பாய்விலிருந்து இறுதிக் கணக்குகளைத் தயாரிக்கும் மாணவர், அந்தக் கணக்குகள் நிறுவனத்தின் நிலையைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதை ஒரு பத்தியில் எழுத முடிகிறதா என்று கேட்கலாம். பின்னர் இப்போதே நடக்கும் வேலைகளில், அதாவது அகத்தேர்விலோ ஒப்படைப்பிலோ செய்முறையிலோ வாய்மொழித் தேர்விலோ, அந்தத் திறன் வெளிப்படும் ஓரிடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு நான்கு படிநிலைகள் கொண்ட ஒரு ரூப்ரிக், அதாவது எந்தத் தரத்து விடைக்கு எந்த நிலை என்று சொல்லும் மதிப்பீட்டு அட்டவணை, எழுத வேண்டும். ‘நன்று’, ‘மிக நன்று’ என்னும் சொற்களால் நிரப்பிய ரூப்ரிக்கால் பயனில்லை. ஒவ்வொரு நிலையிலும் மாணவரின் விடைத்தாளில் கண்ணுக்குத் தெரிவது என்ன என்பதை வாக்கியமாக எழுதுங்கள்.

அடுத்தது, இரண்டு ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் அதே விடைத்தாள்களை மதிப்பிட்டு, பிறகு எங்கெங்கே வேறுபட்டார்கள் என்று உட்கார்ந்து பேசுவது. என் அனுபவத்தில் ஒரு துறையின் பாடம் நடத்தும் முறை மாறுவது பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உள்ள அல்வெர்னோ என்னும் சிறிய மகளிர் கல்லூரி 1973 முதல் எட்டுத் திறன்களை வரையறுத்து, அவற்றைச் சுற்றியே பாடங்களையும் மதிப்பீட்டையும் அமைத்துக்கொண்டது. பாடத்திட்டத்தை வகுக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்தது, நமக்கு அது இல்லை. ஆயினும் நூற்றைம்பது விளைவுகளைத் துரத்தாமல் எட்டோடு நிறுத்திக்கொண்டது நாம் கவனிக்க வேண்டியது.

புறத்தேர்வு மொத்த மதிப்பெண்ணை ஐந்து சி.ஓ.க்களுக்கும் ஒன்றுபோலப் பகிர்ந்தால் ஒரே எண் ஐந்து முறை வரும். அதிலிருந்து எதுவும் தெரியாது. அதை வேறு வகையில் பயன்படுத்துங்கள். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் வகுப்பு முழுவதும் 22க்கு மேல் வாங்கியிருக்க, புறத்தேர்வில் பாதிப் பேர் 30ஐ எட்டவே திணறினால், அந்த இடைவெளியே ஆராய வேண்டிய செய்தி. ஒப்படைப்புக்கு எல்லோருக்கும் ஐந்துக்கு நான்கு போடும் வழக்கம் உள்ள இடத்தில் எந்தச் சூத்திரமும் கற்றலை அளக்காது.

மறுமொழி 2: அட்டவணைக்காரன்

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பார்வையிட வரும் குழு அட்டவணையைக் கேட்கும்போது ஒருங்கிணைப்பாளர் கைவிரிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அட்டவணை இருக்கட்டும். அதே சமயம், இணைவு பெற்ற கல்லூரிகளுக்கான நாக் கையேட்டில் விளைவுகளின் அடைவு என்பது விளக்கமாக எழுத வேண்டிய அளவீடு; எண்ணாகத் தர வேண்டியது தேர்ச்சி விழுக்காடு. தேர்வு போன்ற நேரடி மதிப்பீட்டுக்கு 80, கருத்துக்கணிப்பு போன்ற மறைமுக மதிப்பீட்டுக்கு 20 என்ற பங்கீடும், 60, 70, 80 விழுக்காட்டு மாணவர்கள் இலக்கு மதிப்பெண்ணைத் தாண்டினால் முறையே 1, 2, 3 என்ற நிலைகளும், பொறியியல் படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்கும் என்.பி.ஏ. அமைப்பின் படிவத்தில் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டவை. கலைக் கல்லூரிகள் பலவும் அவற்றை விதியென்று எண்ணி அப்படியே எடுத்துக்கொண்டன.

சிறு வகுப்பில் இந்தப் படிநிலைகள் எப்படி ஆடும் என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். வகுப்பில் 17 பேர் என்று கொள்வோம். 11 பேர் இலக்கைத் தாண்டினால் 64.7 விழுக்காடு, நிலை 1. 12 பேரென்றால் 70.6 விழுக்காடு, நிலை 2. 14 பேரென்றால் 82.4 விழுக்காடு, நிலை 3. தேர்வன்று மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தாலே துறையின் அடைவு மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிடும்! ஆகவே மூன்றாண்டு மாணவர்களைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். விழுக்காட்டுக்கு முன்னால் எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். பெரிய கல்லூரிகள் மாதிரி எடுத்துத்தான் விடைத்தாள்களைப் படிக்க முடியும். உங்களால் எல்லாவற்றையும் படிக்க முடியும்.

டெல்டா ஆசிரியர்

இருவருக்கும் நன்றி. எங்கள் நிர்வாகம் ஆசிரியர்வாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு வாங்கும் வழக்கம் உடையது. ரூப்ரிக் முடிவுகளையும் அவ்வாறே கேட்டால், யாரும் உண்மையான மதிப்பைப் போட மாட்டார்கள் என்று ஒரு துறைத் தலைவர் இப்போதே சொல்லிவிட்டார். தமிழ் வழியில் படித்து வரும் மாணவர்கள் எங்களிடம் மிகுதி. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் விடை தடுமாறும்போது, பாடம் புரியவில்லையா, மொழி வரவில்லையா என்று பிரித்தறிவதும் கடினமாக இருக்கிறது.

மறுமொழி 3: மேட்டூர் அம்மா

துறைத் தலைவரின் அச்சம் சரியானது. தொடங்குவதற்கு முன்பே, இந்த முடிவுகள் ஆசிரியரின் பணி மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தப்பட மாட்டா என்று முதல்வர் கையொப்பத்தோடு ஒரு சுற்றறிக்கை வாங்கிவிடுங்கள். வாய்மொழி உறுதி முதல்வர் மாறும்போது போய்விடும். துறை அளவில் மட்டும் அறிக்கை எழுதுங்கள், விடைத்தாளில் மாணவர் பெயரும் பிரிவும் தெரியாதபடி மறையுங்கள். நிர்வாகத்துக்கு எண் வேண்டுமென்றால் தேர்ச்சி விழுக்காடு ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கொடுங்கள்.

மொழி பற்றி: ஆங்கில வழிப் படிப்பாக இருந்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத மாணவர்களை அனுமதிக்குமாறு யு.ஜி.சி. 2023இல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அகத்தேர்வில் நீங்கள் ஆராய விரும்பும் அந்த ஒரு வினாவுக்கு மட்டும் எந்த மொழியிலும் விடை எழுதலாம் என்று அறிவித்துப் பாருங்கள். தமிழில் எழுதியவரின் விளக்கம் சரியாக இருந்தால், அவருக்குத் தேவை ஆங்கில எழுத்துப் பயிற்சி. தமிழிலும் குழம்பியிருந்தால், அந்த அலகை மறுபடி நடத்த வேண்டும். இவ்விரண்டையும் ஒரே இணைப்புப் பாட (பிரிட்ஜ் கோர்ஸ்) வகுப்பில் போட்டு அடைப்பதால்தான் அவ்வகுப்புகள் பெரும்பாலும் வீணாகின்றன.

பாடத்திட்டம் நம் கையில் இல்லை என்று தேர்வு நெறியாளர் குறிப்பிட்டார். உண்மைதான், ஆனால் ஒப்படைப்பின் வடிவம், செய்முறைகளின் வரிசை, அகத்தேர்வு வினாக்கள், இணைப்புப் பாடம் ஆகியவை நம் கையில்தான் இருக்கின்றன. முதலாண்டில் அவற்றுள் ஒன்றை மாற்றி, மறு ஆண்டில் அதே ரூப்ரிக்கால் மீண்டும் மதிப்பிட்டால், நாக்குக்கு ஆண்டுதோறும் அனுப்பும் ஏ.க்யூ.ஏ.ஆர். தர அறிக்கையில் எழுத உண்மையான செய்தி ஒன்று கிடைக்கும். பாடத்திட்டத்திலேயே குறை தெரிந்தால், அந்த விடைத்தாள்களின் நகலோடு பாடத்திட்டக் குழு உறுப்பினர் ஒருவரை அணுகலாம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி: அகத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி மாணவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால் பிறகு கிடைக்காது. கொடுப்பதற்கு முன்பே, உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு வினாவின் பக்கங்களை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.