குழுவாகப் படித்தால் மதிப்பெண் யாருக்கு?

கோத்தகிரி அப்பா:
எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் பள்ளியில் எதற்கெடுத்தாலும் குழுதான். நான்கு பேருக்கு ஒரு சார்ட், நான்கு பேருக்கும் ஒரே மதிப்பெண். எழுதுவது, வரைவது, எழுந்து விளக்குவது எல்லாம் அவள். மற்றவர்கள் கீழே பெயர் எழுதுகிறார்கள். முடியாத வேலையைத் தோழி வீட்டில் கூடி முடிக்க வேண்டுமாம். தேயிலைத் தோட்டப் பாதையில் காட்டெருமை நிற்கிற மாலை நேரத்தில் எப்படி அனுப்புவேன்? பொதுத்தேர்வை அவள் தனியாகத்தான் எழுதப்போகிறாள். வகுப்பிலும் தனியாகப் படிக்க விடுங்கள்.

கூடலூர் டீச்சர்:
உங்கள் கோபம் நியாயமானது, சார். எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் என்றால் ஒதுங்குகிற பிள்ளை இன்னும் ஒதுங்கத்தான் செய்யும். அதற்காகக் கூட்டுக் கற்றலையே தள்ளாதீர்கள். 'பாறை மற்றும் மண்' பாடத்தை நான் நடத்துவது இப்படி: குழுவில் ஒருவருக்குத் தீப்பாறை, ஒருவருக்குப் படிவுப்பாறை, ஒருவருக்கு உருமாறிய பாறை, ஒருவருக்கு மண். எல்லாக் குழுக்களின் தீப்பாறைக்காரர்களும் முதலில் சேர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள், மற்றவர்களும் அப்படியே. பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுப்பார்கள். நம் நீலகிரியின் சார்னோகைட் உருமாறிய பாறை என்பதை அந்தப் பங்குக்காரர் சொன்னால்தான் மற்ற மூவருக்கும் தெரியும். தேர்வு தனித்தனியே. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் வகுத்த முறை இது. கறுப்பின, வெள்ளை, மெக்சிகோ வழிப் பிள்ளைகளை அங்கே அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்த்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் வகுப்பில் வீட்டில் பணியர் பழங்குடியினரின் மொழி பேசுகிறவர்கள் உண்டு, மலையாளம் பேசுகிறவர்கள் உண்டு, இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் உண்டு. முழு வகுப்பின் முன் வாய் திறக்காத பிள்ளை மூன்று பேர் முன்னால் பேசுகிறது. இதற்காகவே நான் இந்த முறையை விடமாட்டேன்.

குன்னூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
திண்ணைப் பள்ளியில் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவன், அந்தச் சட்டாம்பிள்ளை செய்ததும் இதுதானே, அம்மா? 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை அநாதை இல்லம் ஒன்றில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குப் பாடம் சொல்லவைத்தார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியதற்குச் செலவு குறைவு என்பதும் காரணம். என் பயமும் அதுதான். ஈராசிரியர் பள்ளிகள் உள்ள மலை மாவட்டத்தில், பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள் என்று காலிப் பணியிடத்தை அப்படியே விட்டுவிடுவார்கள்.

கூடலூர் டீச்சர்:
சட்டாம்பிள்ளை எப்போதும் சட்டாம்பிள்ளைதான், ஐயா. இங்கே சொல்லிக்கொடுத்தவர் பத்து நிமிடத்தில் கேட்டுக்கொள்கிறவர் ஆகிவிடுகிறார். ஆசிரியருக்கும் வேலை குறையாது. அந்தப் பாறைக் கூட்டங்களில் நான் உட்கார்ந்து திருத்தாவிட்டால் ஒருவரின் தவறு மூவருக்குப் போய்விடும். பணியிடத்தை நிரப்பச் சொல்லி நானும் உங்களோடு சேர்ந்து கேட்பேன்.

கோத்தகிரி அப்பா:
தவறு பரவும் என்று நீங்களே சொல்கிறீர்கள், டீச்சர். பாறையைப் பங்கு பிரிக்கலாம். இயற்கணிதத்தை எப்படிப் பிரிப்பீர்கள்? முதல் படி தெரியாதவருக்கு இரண்டாம் படி விளங்காது.

கூடலூர் டீச்சர்:
கணக்கைப் பிரிப்பதில்லை. அதற்கு ராபர்ட் ஸ்லேவின் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் காட்டிய வழி உண்டு. பாடத்தை ஆசிரியர் நடத்துவார். பயிற்சி குழுவில், தேர்வு தனியாக. முன்பைவிட ஒவ்வொருவரும் எவ்வளவு முன்னேறினார் என்பதை வைத்துக் குழுவுக்குப் புள்ளி. 35 வாங்கியவர் 45 வாங்கினால் குழுவுக்கு லாபம். முழு மதிப்பெண் எடுப்பவருக்கும் உச்சப் புள்ளி உண்டு. உங்கள் மகளின் மதிப்பெண்ணில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

கோத்தகிரி அப்பா:
மதிப்பெண்ணைத் தனியாக்க வேண்டும், குழு வேலை பள்ளி மணிக்குள் முடிய வேண்டும் என்று அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். கணக்குக்குக் குழு வேண்டாம் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.