வடிகட்டி இல்லாமல் நகர வானத்தைப் படமெடுப்பது வீணா?

இருள்விரும்பி: "ஒளி மாசுள்ள இடத்தில் குறும்பட்டை வடிகட்டி இல்லாமல் கேமராவை வானத்தை நோக்கித் திருப்புவதே வீண்" என்று, சிக்கனமாகத் தொடங்குவது எப்படி எனக் கேட்ட புதியவர் ஒருவருக்கு ஒளிவேட்டையர் அறிவுரை கூறியிருப்பதைப் படித்து எரிச்சலடைந்தேன். கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் முக்காலியும் மட்டுமே வைத்திருப்பவரை, பழைய கேமராவின் விலையையே எட்டக்கூடிய, சில அலைநீள ஒளியை மட்டும் உள்ளே விடும் ஒரு கண்ணாடித் துண்டை முதலில் வாங்கச் சொல்வது எப்படிச் சிக்கனமாகும்? 5 விநாடிப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து, சிரில் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் நன்றாகவே தெரியும்.

ஒளிவேட்டையர்: நெபுலாக்களில் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரிலும் ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரிலும் ஒளிர்கின்றன. அவற்றை மட்டும் உள்ளே விட்டால் தெருவிளக்கொளியில் பெரும்பகுதி சென்சாரை எட்டாது. இதை மறுப்பவர் இயற்பியலையே மறுக்கிறார். வடிகட்டி கட்டாயம்.

இருள்விரும்பி: இயற்பியலைப் பாதியில் நிறுத்துபவர் நீங்கள்தான். ஆண்ட்ரோமீடா விண்மீன்திரளின் ஒளி விண்மீன்களின் ஒளி. அது எல்லா அலைநீளங்களிலும் பரவியிருப்பதால், விளக்கொளியை வெட்டும் வடிகட்டி அதையும் சேர்த்தே வெட்டிவிடும். சோடியம் விளக்குகளின் 589 நானோமீட்டர் ஒளியைத் தடுக்கச் செய்த பழைய வடிகட்டிகளோ, நீலம் முதல் சிவப்பு வரை பரவும் எல்இடி ஒளியின் முன் பெரும்பாலும் பயனற்றுப்போயின. வானம் 16 மடங்கு வெளிச்சமாக இருந்தால் ஏறத்தாழ 16 மடங்கு நேரம் படமெடுக்க வேண்டும், அவ்வளவே. நேரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முக்காலி: கேமரா சென்சாரைப் படிக்கும்போது படத்தில் சேரும் வாசிப்பு இரைச்சலை இருவருமே மறந்துவிட்டீர்கள். குறுகிய நேரப் படம் ஒவ்வொன்றிலும் அது சேருமே? மேலும் நிலவையும் வியாழனையும் ஒளி மாசு பாதிப்பதில்லை. புதியவரை அங்கிருந்து தொடங்கச் சொல்லலாமே.

இருள்விரும்பி: வெளிச்சமான வானத்தின் ஒளியால் படத்தில் வரும் இரைச்சல், சில விநாடிகளிலேயே வாசிப்பு இரைச்சலை விஞ்சிவிடும். குறுகிய படங்கள் போதும் என்று நான் சொல்வதற்குக் காரணமே அதுதான். நிலவைப் பற்றி இங்கு யாரும் கேட்கவில்லை.

முக்காலி: என் படத்தில் விண்மீன்கள் கோடுகளாக நீண்டிருக்கின்றன என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னவரும் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை.

இருள்விரும்பி: நீண்டிருந்தன; சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன்.

ஒளிவேட்டையர்: பேச்சை மாற்ற வேண்டாம். வடிகட்டி இல்லாமல் நகரத்திலிருந்து எடுத்த ரோசெட் நெபுலாவைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

இருள்விரும்பி: சாதாரண கேமராவில் சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடியே அந்த நெபுலாவின் 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அதன் முன்னே உங்கள் வடிகட்டியை வைத்தாலும், தடுக்கப்பட்ட அந்த ஒளி திரும்பி வருமா?

ஒளிவேட்டையர்: அந்தக் கண்ணாடியை நீக்கி மாற்றிக்கொள்ளலாம். வடிகட்டி கட்டாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

இருள்விரும்பி: அப்படியானால், சிக்கனமாகத் தொடங்க விரும்பியவருக்கு இப்போது இரண்டு செலவுகளை வைத்துவிட்டீர்கள். அவர் கேட்டது அதுவல்ல.