மற்றவர்களின் விடையைப் படித்தும் கைக்கு வரவில்லை

கொட்டகலை மாணவி:
வணக்கம். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் பைத்தன் என்ற நிரல்மொழி படிக்கிறேன். நிரல் எழுதிப் பழகும் எக்ஸர்சிசம் தளத்தில் ‘வேர்ட் கவுண்ட்’ பயிற்சியை முடித்தேன். ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டும். சொல்லுக்கு எதிரே எண்ணைக் குறித்து வைக்கும் பட்டியலான டிக்‌ஷனரியில் சொல் இல்லாவிட்டால் 1 போடு, இருந்தால் ஒன்றைக் கூட்டு என்று இஃப், எல்ஸ் வைத்து 11 வரியில் எழுதினேன். அப்புறம் மற்றவர்களின் விடைகளைத் திறந்தால், ஒருவர் எண்ணுவதற்கென்றே பைத்தனில் இருக்கும் கவுண்டர் போட்டு ஒரே வரியில் முடித்திருக்கிறார். இன்னொருவர் போட்டது டிஃபால்ட்டிக்ட், இல்லாத சொல்லுக்குத் தொடக்க மதிப்பைத் தானே வைக்கும் வகை. படிக்கும்போது புரிகிறது. மறுநாள் புதிதாக எழுத உட்கார்ந்தால் பழையபடி இஃப், எல்ஸ்தான் வருகிறது. நீங்களெல்லாம் எப்படிப் படிக்கிறீர்கள்?

பதுளைக்காரன்:
ஆகச் சின்ன விடையைத் தேடிப் போகாதீங்க தங்கச்சி. உங்களுடையதைப் போலவே இருந்து, ஓரிடத்தில் மட்டும் மாறுகிற விடையை எடுங்கள். டிக்‌ஷனரியிடம் கெட் போட்டு, ‘சொல் இல்லாவிட்டால் 0 கொடு’ என்று கேட்டு 1 கூட்டினால் அந்த இஃப், எல்ஸ் முழுக்க ஒரு வரியாகிவிடும். அது பழகட்டும் முதலில்.

பண்டாரவளை டெவலப்பர்:
நான் விடையைப் படித்ததும் மூடிவிட்டு, அதே உத்தியை வேறு கணக்கில் போடுவேன். அதே கணக்கைத் திரும்ப எழுதினால் மனப்பாடம்தான். வீட்டில் யாராவது தேயிலைக் கொழுந்து எடுக்கிறார்களா? ஒரு வாரக் கிலோவை ஆளுக்கு மொத்தம் போட்டுப் பாருங்கள்.

கொட்டகலை மாணவி:
அம்மா கொழுந்துக்குத்தான் போகிறார், அண்ணா. அவரோடு சேர்த்து ஐந்து பேருடைய காலை, பகல், மாலை நிறுவையைக் கேட்டு எழுதினேன். டிஃபால்ட்டிக்டில் ஃப்ளோட் (தசம எண், 0.0இல் தொடங்கும்) கொடுத்தேன், இஃப் இல்லாமலே மொத்தம் சரியாக வந்தது. ரொம்பச் சந்தோஷம்! ஆனால் ஒருவரின் மொத்தத்தைப் பார்க்கும்போது பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். பிழை எதுவும் காட்டவில்லை. கடைசியில் பட்டியலில் ஆறு பேர், ஆறாவது ஆளுக்கு 0.0 கிலோ. ஏன்?

பண்டாரவளை டெவலப்பர்:
டிஃபால்ட்டிக்டின் குணமே அதுதான். பட்டியலில் இல்லாத பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் கொடுத்தால், சும்மா பார்க்கக் கேட்டாலும் அதை உருவாக்கிச் சேர்த்துவிடும். கவுண்டர் 0 என்று மட்டும் சொல்லும், சேர்க்காது. கெட் போட்டுக் கேட்டாலும் சேராது. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாள் பெயர்ப் பதிவேட்டில், இல்லாத ஆள் ஏறக் கூடாது அல்லவா? கூட்டி முடிந்ததும் அதைச் சாதாரண டிக்‌ஷனரியாக மாற்றிவிடுங்கள். பிறகு தப்பான பெயரைக் கேட்டால் கீஎரர், அதாவது ‘அந்தப் பெயர் இல்லை’ என்ற பிழை, வரும். அது வருவதுதான் நல்லது.

கொட்டகலை மாணவி:
மாற்றினேன், கீஎரர் வந்தது! இன்று பின்னேரம் அம்மா வந்ததும் அவருடைய வார மொத்தத்தைக் காட்டப் போகிறேன்.