விமானத்தில் சைக்கிள்: பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் போகிறவர்கள் பெட்டி கட்டும் முன்

2027-ல் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் என்ற நெடுந்தூரச் சைக்கிள் சவாரி வருகிறது. 1200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். கால்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறவர்கள்கூட வண்டியைப் பெட்டியில் போடுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் சவாரி. சவாரி தொடங்கும் ராம்பூயேயில் பெட்டியைத் திறக்கும்போது ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) விரிசல் விட்டிருந்தால் அடுத்த வாய்ப்பு 2031-ல்தான். அதனால் தெரிந்தவர்கள் தெரிந்ததை இங்கே எழுதுங்கள். பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

புது வண்டி வந்திறங்கும் அட்டைப்பெட்டியைச் சைக்கிள் கடையில் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். ஏறக்குறைய 140 × 22 × 80 சென்டிமீட்டர் இருக்கும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் துண்டுகளையும் மறக்காமல் வாங்குங்கள். ஃபோர்க் கால்களுக்கு நடுவே செருகும் கட்டை, ஆக்ஸில் (சக்கர அச்சு) முனை மூடிகள் இரண்டும் முக்கியம். அட்டைப்பெட்டி மூன்று நான்கு கிலோதான். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி 10 கிலோவுக்கு மேல் போகும். 10 கிலோ வண்டியை அதில் வைத்தால் 23 கிலோ வரம்பில் மிச்சம் ஒன்றிரண்டு கிலோதான். எடை பார்க்கக் குளியலறைத் தராசு போதும்: பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

சாதாரணப் பயணப்பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 சென்டிமீட்டர் என்பது பல விமான நிறுவனங்களின் கணக்கு. சைக்கிள் பெட்டி 240-ஐத் தொடும். ஆகவே டிக்கெட் எடுத்த கையோடு விளையாட்டுச் சாமான் என்று சொல்லிப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள், பதிலை எழுத்தில் வாங்கி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விமானம் மாறுகிறவர்கள் இரண்டாவது விமானத்தை இயக்குவது எந்த நிறுவனம் என்பதையும் பாருங்கள். டிக்கெட்டில் ஒரு பெயரும் விமானத்தில் வேறு பெயரும் இருந்தால் சாமான் விதி மாறக்கூடும்.

* * *

கடையில் வண்டி கட்டிக் கொடுக்கிறவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பெட்டி கீழே விழுவதைவிட, படுக்கவைத்து மேலே மற்ற பெட்டிகளை அடுக்குவதால்தான் அதிகச் சேதம். அம்புக்குறி நாலு பக்கமும் போட்டாலும் படுக்கத்தான் வைப்பார்கள். பக்கவாட்டில் நசுங்கும் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள்.

பெடல் முதலில். 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், சிலவற்றுக்கு உள்பக்கம் 8 அல்லது 6 மில்லிமீட்டர் ஆலன் கீ. இடது பெடலின் மரை தலைகீழ். குழப்பமே வேண்டாம்: ஸ்பேனர் மேல்நோக்கி நிற்கும்போது அதைப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும்.

சீட் போஸ்ட் உயரத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைத் தொட வேண்டாம், அதன் முகப்புத் தகட்டின் நாலு போல்ட்டை மட்டும் எடுத்தால் ஹேண்டில்பார் வந்துவிடும், ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) இறுக்கமும் கலையாது. போல்ட்டுகளை உடனே தகட்டோடு அதே இடத்தில் திருகி வையுங்கள். கேபிள் எல்லாம் ஸ்டெம்முக்குள்ளேயே ஓடும் வண்டிகளுக்கு இந்த வழி சரிவராது. ஹேண்டிலைக் கழற்றாமல் வைக்கும் அகலமான பை வாடகைக்குக் கிடைக்கிறதா பாருங்கள்.

பின் டிரெய்லியரை (கியர் மாற்ற செயினைத் தள்ளும் கருவி) பொருத்தியிருக்கும் ஹேங்கர் வளைவதற்கென்றே மென்மையாகச் செய்த துண்டு. அதனால்தான் முதல் அடி அங்கே விழுகிறது. 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் டிரெய்லியரைக் கழற்றி, செயினோடு துணியில் சுற்றி, பின் முக்கோணத்துக்கு உள்ளே கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். உங்கள் ஃபிரேமுக்கான ஹேங்கர் ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது வேறு வேறு, ராம்பூயேயில் தேடினால் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சக்கரம் எடுத்த இடத்தில் வெற்று ஃபோர்க் இரண்டு விரலாக நிற்கும். 100 மில்லிமீட்டர் கட்டையைச் செருகுங்கள், பின்னாலும் அதன் அகலத்துக்கு ஏற்ற ஒன்று. ஆக்ஸிலைக் கழற்றி அதே ஓட்டையில் திருகிவிட்டாலும் காப்புதான், தொலையவும் தொலையாது. டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகட்டை, அதாவது ரோட்டரைக் கழற்றித் தனியாக இரண்டு அட்டைக்கு நடுவே வையுங்கள் (ஆறு போல்ட் என்றால் டி25 சாவி). பிரேக் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு கட்டாயம். அது இல்லாமல் லீவர் அழுந்தினால் பிஸ்டன் வெளியே வந்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ரோட்டர் உள்ளே நுழையாது.

ஃபிரேமுக்கு, ஏ.சி. காப்பர் குழாய் மேல் போடும் கறுப்பு நுரைக்குழாயைவிட நல்ல உறை கிடையாது. நீளவாக்கில் கீறி மாட்டினால் போதும், மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். பெரிய செயின்ரிங்கின் பற்கள் அட்டையைக் கிழிக்கும், அடியில் பழைய டயர் துண்டு வையுங்கள். கடைசியாக, பெட்டி அகலத்துக்கே வெட்டிய கெட்டி அட்டைக்குழாய் மூன்று நான்கை ஃபிரேமின் இடைவெளிகளில் குறுக்கே நிறுத்துங்கள். மேலே அடுக்கும் பாரத்தைத் தாங்குவது அந்தத் தூண்கள்தான்.

* * *

டயர் காற்றைப் பற்றி: சாமான் வைக்கும் அறையிலும் பயணிகள் அறையின் அழுத்தம்தான். அது சுமார் 8000 அடி உயரத்துக்குச் சமம். தரையைவிட நாலு பி.எஸ்.ஐ.க்கும் குறைவான வித்தியாசம், 80 வைத்த டயர் 84 காட்டும், வெடிக்காது. ஆனாலும் கவுண்டரில் இறக்கச் சொல்வார்கள், அங்கே வாதம் வேண்டாம். முழுக்க இறக்காமல் 20, 25 விட்டு வைத்தால் ரிம்முக்குப் பாதுகாப்பு. ட்யூப்லெஸ் போட்டவர்கள் இதில் கவனமாக இருங்கள். மொத்தக் காற்றும் போனால் டயர் விளிம்பு ரிம்மை விட்டு நழுவி, உள்ளே ஊற்றிய ஓட்டை அடைக்கும் திரவம் (சீலன்ட்) ஒழுகிவிடும், கைப்பம்பால் அதைத் திரும்ப உட்காரவைப்பது பெரும்பாடு.

* * *

லித்தியம் பேட்டரி விதி இரண்டு வரிதான். விளக்குக்கு வைத்திருக்கும் உபரி பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில்தான், பெட்டிக்குள் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை. மின்சார சைக்கிளின் பேட்டரி பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. மின்சாரக் கியர் டிரெய்லியரில் மாட்டும் சின்ன பேட்டரிகளைக் கழற்றிக் கையில் எடுத்துப்போங்கள், வழியில் குலுங்கி விழித்துக்கொண்டு தீர்ந்துபோகாது. காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளுக்கு நிறுவனத்தின் முன் ஒப்புதல் தேவை. அந்த அலைச்சலைவிட நல்ல கைப்பம்பு மேல். ஆலன் கீ, ஸ்பேனர் எல்லாம் பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். ஷூ, பெடல், ஹெல்மெட், ஒரு செட் சவாரி உடை கையோடு. பெட்டி ஒருநாள் தாமதமானாலும் வாடகைச் சைக்கிளில் கால் பழகிக்கொள்ளலாம்.

* * *

காகித வேலை. விலையுயர்ந்த வண்டி என்றால் புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் ஃபிரேம் எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்விக்கு அதுதான் பதில். வண்டியைக் காட்ட வேண்டியிருக்கும், எக்ஸ்ரேக்குப் பின் திறக்கச் சொல்லவும் கூடும். டேப் ரோலைக் கையிலேயே வைத்திருந்து, எல்லாம் முடிந்தபின் கடைசிச் சுற்று ஒட்டுங்கள்.

பொறுப்பேற்க மாட்டோம் என்று அச்சிட்ட சீட்டில் கையெழுத்துக் கேட்டால், எந்தச் சேதத்துக்கு என்று படித்துவிட்டுப் போடுங்கள். பெட்டியின் ஆறு பக்கத்தையும் உள்ளே கட்டியிருக்கும் விதத்தையும் படம் எடுத்து வையுங்கள். இறங்கிய இடத்தில், சாமான் பட்டையை விட்டு வெளியே வருமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். சேதம் இருந்தால் அங்கேயே புகார் எழுதி எண் வாங்குங்கள். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும், தாமதமாக வந்த சாமானுக்கு 21 நாள். சவாரி முடித்துவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் கெடு தாண்டிவிடும்.

* * *

மாட்டும்போது: பெட்டி தலைகீழாகப் பயணித்திருந்தால் ஹைட்ராலிக் பிரேக் லீவர் பஞ்சுபோல் அமுங்கும். ரோட்டரையும் சக்கரத்தையும் மாட்டியபின் வண்டியை நேராக நிறுத்தி லீவரைப் பலமுறை அழுத்துங்கள், பிறகு அழுத்திய நிலையில் கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். பல நேரம் சரியாகிவிடும். ஹேண்டில்பார் போல்ட்டுகளை ஸ்டெம்மில் அச்சிட்ட அளவுக்கே, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கார்பன் என்றால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் (torque) சாவி இல்லாமல் கை வைக்க வேண்டாம். முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி ஹெட்செட் தளர்வு பார்த்துவிட்டு, எல்லா கியரும் விழும்படி ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

ராம்பூயேக்கு மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது. முதல் இரவும் கடைசி இரவும் ஒரே விடுதியில் அறை போட்டால் காலிப்பெட்டியை அங்கேயே விட்டுவைக்கலாம். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். இங்கே வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு சாதாரண கார் போதாது, பின்சீட்டை மடக்கிய இன்னோவா சொல்லிவையுங்கள்.